சனிக்கிழமை நாலரை மணி, அட் ஹோம்

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் நோட்டீஸ் பலகையில் ஊசி குத்த இடம் இருக்காது. மாசி, பங்குனிக்குள் நடக்கப்போகிற ஓட்டப்பந்தயம், தமிழ் நாடகம், இங்கிலீஷ் விவாதம், ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் அறிவிப்பு தொங்கும். நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். ஒன்றுக்கும் போனதில்லை. எல்லாமே சாயங்காலம் நடக்கும்; நான் நாலு மணி வண்டியைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கி, அங்கிருந்து அயனம்பாக்கத்துக்கு நடக்க வேண்டும். ஹாஸ்டல் பையன்கள் எங்களை 'ரயில் பார்ட்டி' என்பார்கள். கோபம் பொத்துக்கொண்டு வரும். நின்று பதில் சொன்னால் வண்டி போய்விடும்.

அது இன்டர்மீடியட் கடைசி வருஷம். பௌதிக ஹானர்ஸ் படித்தே தீருவது என்று எனக்கு ஒரே பிடிவாதம். அதற்கு இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் பௌதிகப் பேராசிரியர். விண்ணப்பம் போட்டவர்களைப் பார்த்துப் பேசி அவரே பொறுக்கி எடுப்பார். இன்னொருவர் நைனா. அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"படிச்ச வரைக்கும் போதும்டா. ரயிலாபீசுல ஒரு வேல பாத்துக்கோ. இன்னும் மூணு வருசம் நீ பட்டணம் போய் வந்துகினு கீறதுக்கு, நான் ஒண்டியா ஏர் ஓட்டிகினு கீறதா?" என்பார்.

மாசிக் கடைசியில் ஒருநாள் கல்லூரிச் சேவகர் என் கையில் ஒரு கெட்டி அட்டையைக் கொடுத்தார். மேலே பேனாவால் என் பெயர். நடுவில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் 'அட் ஹோம்'. அதன் கீழே சனிக்கிழமை, மாலை நாலரை மணி. அடியில் பேராசிரியரின் பெயரும் வீட்டு விலாசமும்.

கடிதம் எழுதுகிறவர் தம் விலாசத்தைப் போடுவது வழக்கம்தானே. 'அட் ஹோம்' என்றால் வீட்டில். என் பெயருக்கு நேர் கீழே இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை: சனிக்கிழமை நாலரைக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும், பேராசிரியர் வருகிறார். பெண் பார்க்க வருகிற மாதிரி இது பிள்ளை பார்க்க வருவது. பெரிய மனிதர்கள் தங்கள் வீட்டில் வைக்கிற தேநீர் விருந்துக்குத்தான் 'அட் ஹோம்' என்று பெயர் என்பது பட்டணத்துப் பையன்களுக்கெல்லாம் தெரியும். யாரையாவது கேட்டிருக்கலாம். ரயில் பார்ட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார்கள் என்பதால் கேட்கவில்லை. என் வீம்புக்கு என்றைக்கும் குறைச்சல் கிடையாது.

நைனா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா போட்டுக்கீது?"

"எங்க புரொபசர் சனிக்கெழம நம்ம ஊட்டுக்கு வர்றாரு நைனா. என்ன ஊட்லயே இருக்கச் சொல்லிக்கீறாரு."

"நம்ம ஊட்டுக்கா?"

மறுநாள் காலையில் பார்த்தால் நைனா சுண்ணாம்பு கரைத்துச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தார். "அவ்ளோ பெரிய மனுசன் தேடி வர்றாருன்னா, உன் படிப்புல இன்னாவோ கீதுடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை அம்மா அதிரசம் சுட்டாள். நைனா மாடுகளை ஏரியில் குளிப்பாட்டி, வண்டி பூட்டிக்கொண்டு மூன்று மணிக்கே அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். நான் சலவை வேட்டியோடு கூடத்தில் நின்றேன். அட்டையில் வீட்டில் என்று போட்டிருந்ததால் தெருமுனைக்குக்கூடப் போகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி காலியாக வந்தது.

"ரெண்டு ரயிலு பாத்துட்டேன். கூடைக்காரங்கதான் எறங்குனாங்க" என்றார் நைனா.

"அவுருக்கு இன்னா வேலையோ. அதிரசம் கெட்டா பூடப்போவுது" என்றாள் அம்மா.

நைனா ரயிலாபீஸ் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரன் கேட்டான். "ஏன் வரலை? உன்னை ரெண்டு தடவை விசாரிச்சார். கேக், டீ எல்லாம் கொடுத்து, ஹானர்ஸ் கேட்டவங்களை ஒவ்வொருத்தரா தோட்டத்துக்கு அழைச்சிட்டுப் போய்ப் பேசினாரே."

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வெள்ளையடித்த சுவர் கண்ணில் நின்றது, பொய் வரவில்லை. நேரே பேராசிரியர் அறைக்குப் போய், சுண்ணாம்பு, அதிரசம், மாடு உள்பட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலரைக்கு நீ வீட்டிலே இருந்தியா?"

"இருந்தேன் சார். வாசலைத் தாண்டலை."

"அப்போ வராதவன் நான்தான். வண்டி எத்தனை மணிக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் அம்பத்தூருக்கு வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."

அந்தச் சனிக்கிழமை நைனாவும் நானும் மாட்டுவண்டியோடு காத்திருக்க, கோட்டும் தலைப்பாகையுமாக அவர் அம்பத்தூரில் வந்து இறங்கினார். நைனா கும்பிடுவதற்குள் அவரே கும்பிட்டார். "ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. மன்னிக்கணும்" என்றார். என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வழியில் வண்டிச் சக்கரத்தைக் காட்டி, "அச்சுக்கு ஏன் மசகு போடுறோம்?" என்று என்னைக் கேட்டார். நான் உராய்வு என்று ஆரம்பிப்பதற்குள் நைனா, "போடாட்டி மாடு இழுக்காது சார், அச்சு சூடேறிப் பூடும்" என்றார்.

"மார்க் உங்களுக்குத்தான்" என்றார் பேராசிரியர்.

வீட்டில் இரண்டு அதிரசம் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு, நைனாவைப் பார்த்து, "பையனை இன்னும் மூணு வருஷம் எங்கிட்ட விடுவீங்களா?" என்று கேட்டார்.

நைனா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஊடு தேடி வந்து கேக்குறீங்க. இல்லன்னு எப்டி சார் சொல்றது? ஏர நான் பாத்துக்கறேன்."

நான் மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுவார்கள் என்பதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

அடுத்த மாசியில் நாலு மணி வண்டியை விட்டுவிட்டுத் தமிழ் நாடகம் பார்த்தேன். நைனா அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருந்தார். யார் வந்தாலும் காட்டுவார்.

"ஊட்டுக்கு வர்றேன்னு இங்கிலீசுல எழுதிக் குடுத்தாரு. சொன்ன மாதிரியே வந்தாரு."

ஹானர்ஸ் முடித்த பிறகும் அந்த மொழிபெயர்ப்பை நான் திருத்தவில்லை.