சத்தத்தைக் குறைத்தால் கேம் ஏறாது

அந்த விண்கப்பல் விளையாட்டு இப்போது என் போனில் இருக்கிறது. தொட்டதும் திறந்துவிடுகிறது, அதுதான் குறை. அந்தக் காலத்தில் அது கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். ஏறி முடியும்வரை, தகரத்தை ஆணியால் கீறுவது போல டிவி விடாமல் அலறும். எனக்கு அந்த அலறல் வேண்டும்.

கம்ப்யூட்டர் பாவாவுடையது. பாவா என்றால் அத்தை மகன். பள்ளிப்பட்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும், என்னைவிட வயதில் மூத்த பழைய சரக்கு. டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரை இணைத்தால் திரை முழுக்க நட்சத்திரம்! ஆனால் திருத்தணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். தறிகள் ஓடினால் வோல்டேஜ் இறங்கி, பாதி ஏறிய கேம் அப்படியே செத்துப்போகும். அமாவாசையன்றுதான் தறிகளுக்கு லீவு. அதனால் அமாவாசை தவறாமல் ரெக்சின் பையோடு பாவா மொபெட்டில் வந்து இறங்குவார். எனக்காகத்தான் வருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கேசட்டைப் போட்டதும் எச்சரிப்பார். "மச்சினி, கண்ண எடுக்காம பாத்துகினு இரு. சத்தத்த மட்டும் கொறச்சிடாத. கொறச்சா கேம் ஏறாது."

பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போவார். அங்கே அக்கா இருப்பாள். கேம் ஏறி முடியும்வரை தண்ணீர் குடிப்பார். நான் காவல் இருப்பேன். கடைசிக் கட்டத்தில் வரும் ராட்சதக் கப்பலை நான் ஒருமுறைகூட வீழ்த்தியதில்லை. வகுப்பில்கூட என் கட்டைவிரல் பெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கும்.

அக்காவுக்கு நகரியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த சமயம். அதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் லட்டு. அப்போது வந்த அமாவாசையன்று நைனா, அதாவது எங்கள் அப்பா, கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா நெற்றியில் தைலத்தோடு படுத்திருந்தாள்.

"அந்தச் சனியனக் கொறடி, மண்ட வெடிக்குது."

பயந்துகொண்டே டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். திரையில் வண்ணக் கோடுகள் ஓடிக்கொண்டேயிருந்தன. முழுக்கக் குறைத்தேன். அப்போதும் ஓடின!

தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. சமையலறையிலிருந்து பாவாவின் குரல் பளிச்சென்று வந்தது.

"நீ ஆங்னு ஒரு வார்த்த சொல்லு. மாமா கால்ல நான் வுழுந்து கேக்குறேன்."

மாமா என்றது நைனாவை. நைனா பேப்பரை நாலாக மடித்தார்.

"இன்னாப்பா, தண்ணி குடிச்சாச்சா?"

பாவா வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தார். திரையில் என் கப்பல் புறப்படத் தயாராக நின்றிருந்தது.

"பாவா, ஏறிடுச்சி பாவா! சத்தமே இல்லாம ஏறிடுச்சி!" என்று கத்தினேன்.

பிளக்கைப் பிடுங்கினார். நட்சத்திரமெல்லாம் ஒரே புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

அடுத்த அமாவாசை முழுக்க வாசலில் உட்கார்ந்து மொபெட் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன். அக்கா பின்னால் உட்கார்ந்து எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"யாராவது பாவாக்கிட்ட சொல்லணும்க்கா. கொறச்சாலும் ஏறும்னு பாவம் அவருக்குத் தெரியல."

பின்னுகிற கை நின்றது.

"தெரியும்டி அவருக்கு."

தெரிந்துமா மாசாமாசம் அந்தக் கூச்சலை அலறவிட்டார்? பாவாவுக்கு மூளை கொஞ்சம் கம்மிதான் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.