கட்டம் போட்ட சொற்கள்

பதினேழாவது தாளிலும் கட்டம் இருந்தது. ‘நீர்த்தேக்கம்’ என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் போட்ட சின்னக் கட்டம். அடுத்த தாளில் இரண்டு. முப்பத்தாறு தாள்களையும் பார்த்து முடித்தபோது ஆசிரியர் அறை காலியாகியிருந்தது. இருபத்தொன்பதில் கட்டம். ஒன்றில்கூட இருந்திருக்கக் கூடாது.

தெரியாத சொல் வந்தால் நின்றுவிடாதே, கட்டம் போட்டுவிட்டு மேலே படி, முடித்த பிறகு திரும்பி வா. இதை அவள் தன் வகுப்பான ஐந்தாம் வகுப்பு அ பிரிவுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாள். அதற்காக அறுபது வாசிப்பு அட்டைகளைத் தன் கையால் எழுதினாள். அடுத்த அறையிலிருந்த ஆ பிரிவுக்கு அட்டை கிடையாது. ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு, முடிவில் ஒரே தேர்வு. அ முன்னேறி ஆ பின்தங்கியிருந்தால் அட்டைகளால் பலன் உண்டு. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு அவ்வளவுதான். கையில் இருந்தவை ஆ பிரிவின் கடைசித் தாள்கள். அ சராசரியாகப் பதினோரு மதிப்பெண் ஏறியிருந்தது. ஆ பத்து.

வயது நாற்பத்து நான்கு. பதினெட்டு வருடமாக ஆசிரியை. ஆய்வுக்குப் பதிவு செய்து ஆறு வருடம். முதல் இரண்டு வருடத்தில் தலைப்பு மூன்று முறை மாறியது, மூன்றாவதில் நெறியாளர் மாறினார். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு போய்விடும். இன்னும் ஒன்பது நாள். பள்ளியில் அவளை முன்கூட்டியே டாக்டர் ஆக்கிவிட்டார்கள். காவல்காரர் ஒருநாள் முழங்காலைக் காட்டி என்ன செய்யலாம் என்று கேட்டார். கிண்டலா இல்லையா என்று தெரியாமல் தைலம் தடவச் சொன்னாள்.

மறந்துபோன குடையை எடுக்க ஆ பிரிவு ஆசிரியை வந்தாள். இவளைவிடப் பத்து வயது சின்னவள்.

“டாக்டரக்கா இன்னும் கிளம்பலையா?”

“உக்காரு. இது என்ன சொல்லு.”

அவள் தாளைப் பார்த்தாள். “கட்டம்.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“வியாழக்கிழமை உங்க பிள்ளைங்க விளையாடப் போயிடுதுங்க. அட்டைப் பெட்டி சும்மாதானே கெடக்குது.”

“எத்தன வியாழக்கிழமை?”

“எண்ணலக்கா. நடுவுல எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அந்த ரெண்டு வாரம் இல்ல.”

“தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. பலன் இருக்கா இல்லையான்னு பாக்கணும்னீங்க. எனக்கு ரெண்டாவது வாரமே தெரிஞ்சிருச்சு.” குடையின் கம்பியை நிமிர்த்தினாள். “செவுத்துக்கு அந்தப் பக்கம் உங்க பிள்ளைங்க படிச்சுப் படிச்சுச் சிரிக்குதுங்க. இந்தப் பக்கம் முப்பத்தாறும் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நான் என்ன கல்லா?”

“என் ஆராய்ச்சியில ஓட்ட விழுந்திருச்சு.”

“பிள்ளைங்க படிக்குதுல்ல?”

“அதுதான் ஓட்ட.” தாள்களைத் தட்டி அடுக்கினாள். “கட்டம் போடாத ஏழு பேரு யாரு?”

“அதுங்க பாதி நாள் வர்றதே இல்ல. வந்தாதானே சொல்லிக் குடுக்க.”

அவள் போன பிறகு இவள் நெறியாளருக்குப் போன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டார்.

“அந்த இருபத்தொம்போதையும் எடுத்துடுங்க. மிச்சம் ஏழு எவ்வளவு ஏறியிருக்கு?”

“ரெண்டு மார்க் சார்.”

“பதினொண்ணுக்கு ரெண்டு. அழகா வருதே. நிறைவு பெறாத தாள்கள் நீக்கப்பட்டனன்னு ஒரு வரி போடுங்க.”

“அந்த ஏழும் பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்கா வராததுங்க சார்.”

“அது உங்களுக்குத் தெரியும். தேர்வாளருக்கு எப்படித் தெரியும்? ஆறு வருசம்மா. யோசிச்சுக்குங்க.”

கணவர் பேருந்துப் பணிமனையில் மின்பழுது பார்ப்பவர். ஆய்வைப் பற்றி அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. அன்றும் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“வண்டி கிளம்புமா?”

“ரெண்டு வண்டியிலயும் அதே பேட்டரிய மாட்டிட்டாங்க.”

“அப்ப ரெண்டும் ஓடும். நல்லதுதானே?”

“எனக்கு ஒண்ணு நின்னுருக்கணும்.”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அவள் நான்காம் அத்தியாயத்தைத் திறந்தாள். ஏழு பேரின் எண்களைப் போட்டுப் பார்த்தாள். அட்டவணை அழகாகத்தான் வந்தது. அதை அழித்துவிட்டு வேறு பத்தி எழுதினாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் அத்தியாயத்தை நெறியாளருக்கு அனுப்பினாள். ஒப்பீட்டுப் பிரிவில் இருபத்தொன்பது பேருக்கு வருடம் முழுவதும் அட்டைகள் கிடைத்தன, எனவே இரு பிரிவுகளையும் ஒப்பிட இயலாது என்று அதில் இருந்தது. மூன்றாம் பாடவேளையில் அ பிரிவு விளையாடப் போனது. ஆ பிரிவு ஆசிரியை வாசலில் வந்து நின்றாள். இவள் பெட்டியை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள். முப்பத்தொன்றாவது அட்டை கிழிந்திருக்கிறது, பார்த்து எடு என்றாள். மதியம் நெறியாளர் பேசினார். இதை வைத்து ஆய்வேடு கொடுக்க முடியாது, பதிவு போய்விடும், வேண்டுமானால் புதிதாகப் பதியலாம் என்றார். தேவையானவற்றை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டாள்: படிவம், புகைப்படம் இரண்டு, அனுமதிக் கடிதம், ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரண்டு பள்ளிகள். நாலரைக்குக் காவல்காரர் அறையைப் பூட்ட வந்தார். முழங்கால் இப்போது தேவலை என்றார்.