கையை மடியில் வைக்கக் கற்றுக்கொண்டேன்

நம் சபைக் குடும்பத்தாருக்கு எஸ்தர் எழுதுவது. ஆண்டவர் நல்லவர். இந்த ஒரு வரியை மனதாரச் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்னால் வந்து மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் மூன்று முறை கேட்டார். என்னால் முடியாது. பாதியிலேயே அழுதுவிடுவேன், நீங்களும் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டிவிடுவீர்கள். கைதட்டும்படியான சாட்சி இல்லை இது. நான் கேட்டது இரண்டு. ஒன்றுதான் கிடைத்தது.

என் அப்பா சாமுவேலை உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கிள்ளானுக்கு மாறிப் பல வருடங்கள் ஆன பிறகும் பிரிக்பீல்ட்ஸ் சபையை அவர் விடவில்லை. ஞாயிறு காலை ஏழு நாற்பது கொமுட்டர் ரயில், சபையில் மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் விமானம் ஓட்டப் படித்தவள். லைசன்ஸ் வாங்கினேன், பெரிய கம்பெனி வேலை கிடைக்கவில்லை. பல வருடம் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் டாக்குமென்ட் பார்த்தேன். முப்பத்து நான்கு வயதில், இன்னும் தள்ளினால் இனி இல்லை என்று தோன்றியது. விமானம் ஓட்டக் கற்றுத் தரும் பயிற்றுநர் ஆவதற்கான பயிற்சியில் சேர்ந்தேன். மற்றவர்களுக்கு அது ஒரு வேலை. எனக்கு, வானத்துக்குத் திரும்பிப் போக மிச்சமிருந்த ஒரே கதவு.

போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் எழுத்துத் தேர்வுகள் தொடங்கின. இயந்திரம், வானிலை, விதிமுறைகள் எல்லாவற்றிலும் தேறினேன். ஒரே ஒரு தாளில் தோற்றேன். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற தாள். புத்தகத்தில் இருந்த பட்டியல்களை எல்லாம் மனப்பாடம் செய்து அப்படியே ஒப்பித்து எழுதியிருந்தேன். எங்கள் பள்ளியில் மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதிலும் தோற்றால் வெளியே போக வேண்டியதுதான்.

எனக்குப் பொறுமை கிடையாது. இது உங்களுக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் பிள்ளைகள் வசனத்தை மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து நானே சத்தமாகச் சொல்லிவிடுவேன். அந்தக் குணம் விமானத்திலும் என்னோடு ஏறி உட்கார்ந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை. பயிற்றுநர் வலது பக்கம் உட்கார வேண்டும், மாணவர் இடது பக்கம். என் ஆசிரியர் கேப்டன் மோகன், செமினி ஊர்க்காரர், மாணவரைப் போல இடது பக்கம் உட்கார்ந்தார். நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டும். இறங்குவதற்காகச் சுற்றி வரும்போது, "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தை அவரிடம் ஒப்படைத்தேன். வாயால் ஒப்படைத்தேன். விரல்கள் மட்டும் கன்ட்ரோலை விட்டு வரவில்லை. லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தேன், எனக்கே தெரியாமல்.

என் விரலின் அழுத்தம் அவர் கைக்குத் தெரிந்தது. நான் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்று நினைத்து அவர் விட்டுவிட்டார். அவர் ஓட்டுகிறார் என்று நான் ஜன்னல் வழியாக ரன்வேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் திருப்பத்தில் வேகம் குறைந்தது. எச்சரிக்கைச் சத்தம் அலறியது. கீழே செம்பனை மரங்களின் ஓலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. கேப்டன்தான் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, வேகம் கொடுத்து, காப்பாற்றினார்.

இறங்கி இஞ்சினை நிறுத்திய பிறகும் அவர் கதவைத் திறக்கவில்லை.

"நான் நடிக்கல, எஸ்தர். நீ எடுத்துக்கிட்டன்னு நெஜமாவே நெனச்சேன்."

"சாரி, கேப்டன்."

"நீ என்கிட்டயும் குடுக்கல, நீயும் ஓட்டல. ரெண்டு பேரு உக்காந்திருக்கோம், பிளேன ஓட்ட ஆளே இல்ல. உன் கைய என்ன பண்றதுன்னு மொதல்ல கத்துக்கோ. பேப்பர் பாஸ் பண்ற வரைக்கும் ரைட் சீட்ல உக்கார வேணாம்."

இரண்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடி எழுதினேன். மறுபடி தோற்றேன். முதல் முறையைவிட நான்கு மதிப்பெண் குறைவு.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்பா சமையலறையில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டி விழும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஸ்ட்ரோக். வலது கை போனது, பேச்சும் போனது. பதினாறு நாள் மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்தவரிடம் மிச்சமிருந்தது ஒரே சொல். "சரி." தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, கோபத்தில் தட்டைத் தள்ளிவிடும்போதும் சரி.

நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஹாலில் உபவாச ஜெபம் நடந்தது. நன்றி மறக்கவில்லை. ஆனால் ஒரு ஆன்டி என் கையைப் பிடித்து, "வீட்டுல ஏதாச்சும் பாவம் இருக்கான்னு பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர் சொல்லமாட்டேன். அந்த வார்த்தை அன்றிலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அப்பாவுக்குப் பேச்சைக் கொடும், எனக்குத் தேர்வைக் கொடும் என்று மே மாதம் முழுக்கக் கேட்டேன். சுவரிடம் பேசுவது போல இருந்தது. ஜூனில் கேட்பதை நிறுத்திவிட்டேன். உங்களோடு முழங்கால் போட்டேன், கண்ணை மூடினேன், உள்ளே ஒன்றுமில்லை. அதை இன்று அறிக்கை செய்கிறேன்.

அப்பாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்த பெண் தர்ஷினி. நான் அப்பாவுக்கு ஊட்டுவதை இரண்டு வாரம் பார்த்தாள், மூன்றாவது வாரம் பொறுக்கவில்லை.

"அக்கா, எல்லாத்தையும் நீங்களே செஞ்சிட்டா அங்கிள் எப்பதான் கத்துக்குவாரு? சொல்லிக் குடுங்க, அப்புறம் தொடாதீங்க."

"அவரு கஷ்டப்படுறத பார்த்துக்கிட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது?"

"அதான்கா கஷ்டம். அத நீங்க படுங்க."

வயதில் சின்னப் பெண். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை, அடுத்த வேளையும் நானே ஊட்டினேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு. அப்பா மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல் முறையாகச் சபைக்குப் போகிறோம். டி-சட்டையை நீட்டினேன், தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வெள்ளைச் சட்டைதான். ஏழு பொத்தான். இடது கையால் முதல் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். மணி ஏழு. டாக்சி வரும் நேரம். நான் குனிந்து மளமளவென்று போடத் தொடங்கினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். மறுபடி போட்டேன். மறுபடி தட்டிவிட்டார், இந்த முறை ஓங்கி.

"ரயில் போயிரும்பா! ஒரு பட்டன் போட எவ்ளோ நேரம்?" என்று கத்திவிட்டேன்.

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அம்மாவின் அடக்கத்தன்று மட்டும்தான். சத்தமில்லாமல், கோணிய வாயோடு அழுதார்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பல வாரங்களுக்குப் பிறகு அங்கேதான் ஜெபம் வந்தது. அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, என் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை." அவ்வளவுதான். கேப்டன் சொன்ன அதே வார்த்தை என் வாயில் வந்திருப்பதைக்கூட அப்போது கவனிக்கவில்லை.

வெளியே வந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு பொத்தானைப் போட்டிருந்தார். ஒன்றே ஒன்று. நான் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். டாக்சியைத் திருப்பி அனுப்பினேன். ரயில் போனது. அடுத்ததும் போனது. ஏழு பொத்தானுக்கு நாற்பது நிமிடம். ஐந்தாவது தப்பான துளையில் ஏறி, சட்டை கோணலாக நின்றது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரி."

அன்றைக்குப் பிரசங்கம் பாதி முடிந்த பிறகு கோணல் சட்டையோடு நாங்கள் உள்ளே வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதிகாலையிலேயே எழுப்பிவிடுவேன். எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் புரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தால் அவர் விரல் தடுமாறும். பாதியில் ஏதாவது சொன்னால் செய்ததையும் மறந்துவிடுவார். தப்பான துளைக்குப் போவதற்கு முன்பே அவருடைய இடது தோள் லேசாக உயரும். அப்போதுகூட நான் சும்மா இருந்தால், நான்கு முறைக்கு ஒரு முறை அவரே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வார். திருத்திய அன்று முகத்தில் ஒரு வெளிச்சம். ஆகஸ்டில் ஒரு மாலை அந்தப் பாடப்புத்தகத்தைத் தற்செயலாகப் பிரித்தேன். நான் ஒப்பித்துத் தோற்ற பட்டியல் முழுக்க அங்கே இருந்தது. மாணவன் தடுமாறும்போது பயிற்றுநர் என்ன பார்க்க வேண்டும், எவ்வளவு காத்திருக்க வேண்டும், எப்போது தலையிட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் என் அப்பாவின் இடது கை தெரிந்தது.

பதினெட்டு நிமிடம் வரை வந்தார் அப்பா. அதுதான் அவருடைய சாதனை.

செப்டம்பரில் ஒரு வியாழன் மதியம் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. இந்த முறை மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பவில்லை. பேச்சு கடைசி வரை வரவில்லை.

பெட்டியில் வைப்பதற்கு முன் அந்த வெள்ளைச் சட்டையை மாட்டி, ஏழு பொத்தானையும் போட்டது நான்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அவர் என் கையைத் தட்டிவிடவில்லை.

அடக்கம் முடிந்து ஒன்பதாவது நாள் மூன்றாவது தேர்வு. கேப்டன் போன் செய்தார். "தள்ளிப் போடலாம்லா, எஸ்தர். நான் பேசுறேன்." வேண்டாம் என்றேன். வீட்டில் அந்தக் காலிக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதைவிடத் தேர்வு அறை மேல் என்று இருந்தது. கருப்பு உடையோடுதான் போனேன்.

கடைசிக் கேள்வி: மாணவர் தவறு செய்வது தெரிகிறது, எப்போது கட்டுப்பாட்டைத் திரும்ப வாங்குவீர்கள், ஏன்? இரண்டு முறையும் இந்த இடத்தில்தான் பட்டியல் போட்டேன். இந்த முறை, ஆபத்து எந்த எல்லையில் தொடங்குகிறது என்று முதலில் எழுதினேன். அந்த எல்லைவரை நான் எதைப் பார்ப்பேன், எதைச் சொல்லமாட்டேன், என் கை எங்கே இருக்கும் என்று எழுதினேன். எழுதும்போது தாளில் கண்ணீர் விழுந்து மை கலைந்தது. அதைச் சுற்றி எழுதினேன்.

தேறினேன். செய்தி வந்தபோது முதலில் சொல்லத் தேடியது அப்பாவைத்தான். மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

வலது சீட்டில் திரும்ப உட்கார்ந்த அன்று, விமானத்தை ஒப்படைத்த பிறகு கேப்டன் பக்கவாட்டில் பார்த்தார். "கை எங்க?"

"மடியில, கேப்டன்."

அவர் முன்னால் திரும்பி ரன்வேயைப் பார்த்து ஓட்டினார்.

இப்போது நான் பயிற்றுநர். என் முதல் மாணவி டெங்கிலிலிருந்து வரும் பல் டாக்டர், நாற்பது வயது. போன மாதம் முதல் முறையாகத் தானே விமானத்தை இறக்கினார். கொஞ்சம் கோணல்தான், இரண்டு முறை குதித்தது. நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "மேடம், நீங்க தொடலதானே?" என்றார். "நான் தொடல. நீங்கதான் எறக்குனீங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஏன் பேச்சு வரவில்லை? எனக்குத் தெரியாது. தெரிந்தது போல நடிக்க மாட்டேன். அதற்காக ஆண்டவரிடம் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, அது அவருக்கும் தெரியும். ஆனால் குளியலறையில் நான் கேட்ட அந்த ஒரு வரிக்கு, கதவைத் திறந்து வெளியே வந்த நிமிடமே பதில் கட்டிலில் உட்கார்ந்து பொத்தான் போட்டுக்கொண்டிருந்தது. நான் சுவர் என்று நினைத்த நாட்களில் ஆண்டவரும் பக்கத்திலேயே, கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்திருந்தார் என்று இப்போது நம்புகிறேன். ஸ்தோத்திரம்.

உங்களில் யாருக்காவது ஜெபம் வராமல் நின்றுபோயிருந்தால், பெரிய வார்த்தைகளைத் தேடாதீர்கள். உங்களுக்குத் தெரியாததை அப்படியே தெரியாது என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் வாய் வரவில்லை என்றால், ஞாயிறு காலை ஏழு நாற்பது ரயிலில் கிள்ளானிலிருந்து வருகிறேன், பிறகு மூன்றாவது வரிசையில் இருப்பேன். ஓரத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள். அறிவுரை சொல்லமாட்டேன், பாவம் இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பக்கத்தில் இருப்பேன்.