சாவியும் சர்டிபிகேட்டும்

கோகிலா மலைமேல் உள்ள பைல் நாட்டில் மிளகு போடும் குடும்பத்துப் பெண். 2003-இல் செம்மேட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா சொல்லிக்கொடுத்தாள். தங்கலும் சென்டரின் பின்னறையில்தான். சேலத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். அவையோ மூன்று வருடமாக முதலாளி பூபதியின் டிராயரில் கிடந்தன. சேரும்போதே வாங்கிப் பூட்டிக்கொள்வது அந்த மகராசனின் வழக்கம்.

"புது ஆளு வந்து சேரட்டும் கண்ணு, அப்பறம் வாங்கிக்க" என்றார்.

புது ஆள், மலையடிவாரக் காரவள்ளியைச் சேர்ந்த ஹேமலதா. அவள் போனில், "நீங்க ரூமைக் காலி பண்ணுனாத்தான் அப்பா அனுப்புவாருங்க அக்கா. ஆளிருக்கற எடத்துல பொட்டி வெக்கக் கூடாதுங்கறாரு" என்றாள். ஆனால் ஹேமலதா வராமல் அறையை விட்டால், கோகிலாவுக்கு அறையும் இல்லை, சான்றிதழும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜாவா வகுப்பில் கோகிலா த்ரெட் பாடம் எடுத்தாள். "ஒரே புரோகிராமுல பல வேலை சேந்து நடக்கணும்னா, வேலைக்கு ஒரு த்ரெட். உண்டாக்குனா மட்டும் ஓடாது, ஸ்டார்ட் பண்ணணும். வேலை முடிஞ்சாத்தான் அதுக்கு ஆயுசு முடியும். நடுவுல காத்துக்கிட்டு நின்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல."

பிறகு இரண்டு த்ரெட்களை ஓடவிட்டாள். ஒன்று பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு ஃபைலுக்குக் காத்திருந்தது. மற்றது ஃபைலைப் பிடித்துக்கொண்டு பிரிண்டருக்கு. திரை அப்படியே நின்றது.

"எவ்வளவு நேரம் மேடம் இப்படியே நிக்கும்?" என்றான் மாணவன் கருப்பண்ணன்.

"ஒண்ணு கையில இருக்கறத விடுற வரைக்கும். விட்டா, காத்திருக்கற அடுத்தது எடுத்துக்கும்."

சொல்லிவிட்டுத் தன் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை பெட்டியைக் கட்டினாள். அறையைப் பூட்டி, சாவியை ஹேமலதாவிடம் சேர்க்கச் சொல்லி, காரவள்ளி வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். மருந்தும் கல்யாணப் பத்திரிகையும் அவர் கையில்தான் மலை ஏறி இறங்கும். பிறகு சென்டர் படியில் பெட்டியோடு உட்கார்ந்தாள். மலையிலிருந்து இறங்க ஒரு ரோடு இருந்தும் அவளுக்கு வழியில்லை.

மத்தியான பஸ்ஸில் ஹேமலதா டிரங்குப் பெட்டியோடு இறங்கினாள். பூபதி முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார்.

"மொதல்ல உன் சர்டிபிகேட்டக் குடு கண்ணு. அப்பறம் அவளுதத் தந்தரலாம்."

ஹேமலதா ஃபைலைப் பிடித்தபடி கோகிலாவைப் பார்த்தாள். "குடுக்கலாமுங்களா அக்கா?"

வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் டிராயர் திறக்காது.

கோகிலா தலையாட்டினாள்.