உறையாத நெய்

என் அக்கா சோழவரம் ஏரிக்கரையில் ரெண்டு மாடு வைத்திருந்தாள். மச்சான் தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்கு ஷிஃப்ட் போவதால் மாடு அவள் பாடுதான். மழை விட்டதும் அவை அருகம்புல்லும் நரிப்பயற்றுக் கொடியுமாய் வயிறு முட்ட மேயும். அந்த வெண்ணெயை உருக்கினால் நெய் மஞ்சளாக இருக்கும், வாசனை தெருவரைக்கும் வரும். திருவள்ளூரில் தையல் கடை வைத்திருக்கும் நான்தான் அதை விற்றுக் கொடுப்பேன்.

ரவிக்கை தைக்க வரும் மாமி ஒருவர், கோயில் கைங்கர்யக் குடும்பம், மார்கழிக்கென்று ஒரு பாட்டில் வாங்கினார். ரெண்டு நாளில் திரும்பி வந்து பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார். அந்தப் பனியிலும் நெய் சரியாக உறையாமல் ஓடியது.

“நெய்ன்னா மணல் மணலா உறையணுமோல்லியோ? இதுல எண்ணெய் கலந்திருக்கா உங்க அக்கா. பெருமாளுக்கு இதையா சேர்க்கறது?”

கடையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நெய் ஏன் உறையவில்லை என்று எனக்கே தெரியாதே. அக்காவிடம் சொன்னபோது, “நான் இன்னாத்த கலந்தேன்?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து அக்கா மாமிக்கென்று கொடுத்துவிட்ட பாட்டிலில் நெய் வெள்ளையாக, கட்டியாக உறைந்திருந்தது. மாமிக்கு வாயெல்லாம் பல். கூடாரவல்லியன்று அந்த நெய் சொட்டச் சொட்டச் செய்த அக்காரவடிசலைத் தூக்கில் போட்டு, அக்காவுக்கென்றே கொடுத்தனுப்பினார்.

அக்கா தூக்கைத் திறக்கவே இல்லை. “நீயே துன்னு” என்றாள். நான் விடாமல் கேட்டதும் அழுதுவிட்டாள். “வனஸ்பதி கலந்துகினு இருக்கேன்டி. அப்பத்தான் உறையுது.”

பொங்கல் கழிந்து, கால்நடை முகாமுக்கு வந்த டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பச்சைப் புல்லும் பயற்றுக் கொடியும் மேய்ந்தால் பாலில் இருக்கும் கொழுப்பே இளகலாகிவிடுமாம், லேசில் உறையாதாம். அந்த மஞ்சளும் பச்சைத் தீவனத்தில் இருந்து வருவதுதானாம். வைக்கோலும் பருத்திக்கொட்டையும் தின்றால் கொழுப்பு இறுகுமாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், எவ்வளவு மண்டு நான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஒன்னுமே கலக்காதப்போ திருடின்னாங்க. இப்ப நெஜமாவே திருடி ஆயிட்டேன். இனிமே போய் இன்னான்னு சொல்றது?”