அளவு பிசகாமல் ஒரு நீர்மூழ்கி

மாதிரி செய்து கொடுக்கும் தொழிலில், அசலைப் போலவே இல்லை என்று ஒரு தடவையும், அசலைப் போலவே இருக்கிறது ஆனால் ஓடவில்லையே என்று இன்னொரு தடவையும் திட்டு வாங்கினால்தான் ஒரு வேலை முடிந்ததாக அர்த்தம். தையல்காரர்கள், கல்யாணச் சமையல்காரர்கள், வீடு கட்டிக் கொடுக்கும் கொத்தனார்கள் எல்லாருக்கும் இந்தப் பாடு தெரியும். என் சக துன்பசாலிகளே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. கண்காட்சிக்கு அணைக்கட்டு, கல்லூரிக்குக் காற்றாலை, கும்பாபிஷேகப் பந்தலுக்குத் தேர் என்று எல்லாவற்றையும் சின்னதாகச் செய்து கொடுப்பேன். ஓட வேண்டியது, சுற்ற வேண்டியது, எரிய வேண்டியது எதுவாக இருந்தாலும் எபனேசர் பொறுப்பு. பக்கத்துக் கடையில் டி.வி. ரிப்பேர் பார்ப்பவன். ஊரெல்லாம் கேபிள் இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது, அவனுக்கு மூச்சு விட நேரமில்லை. ஆனாலும் எனக்குப் புத்தி சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கும் என்றால் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவான்.

தோளால் அளந்த கப்பல்

ஆழ்வார்திருநகரியிலிருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். கடற்படையில், அதிலும் நீர்மூழ்கிக் கப்பலில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தான் இருந்த கப்பலைப் போலவே ஒன்று வேண்டும், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஆற்றில் ஓட்ட வேண்டும், முங்க வேண்டும், மேலே வர வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். மகனும் கடற்படையில் சேர்ந்துவிட்டான். இப்போது நீர்மூழ்கிப் பிரிவுக்குப் பெயர் கொடுக்க ஆசைப்படுகிறான். பெற்றவள் கூடாது என்கிறாள். அம்மா வாயால் சரி என்று வராமல் பெயர் கொடுக்க மாட்டேன் என்று மகனும் சொல்லிவிட்டான். பொங்கலுக்கு லீவில் வருகிறான், திரும்பிப் போவதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். கப்பல் முங்கினால் திரும்பியும் வரும் என்பதை அவள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்பது அண்ணாச்சியின் கணக்கு.

வரைபடம் இருக்கிறதா என்றேன். அதெல்லாம் வெளியே காட்டக்கூடாது என்றார். ஒரே ஒரு போட்டோ வைத்திருந்தார். அதில் கப்பலை மறைத்துக்கொண்டு ஒரு கூட்டமே நின்றது. அதனால் பட்டறையின் நடுவில் நின்று உடம்பாலேயே அளவு சொல்ல ஆரம்பித்தார். வாசல் மூடி இவ்வளவுதான், ஒரு தோளைச் சாய்த்தால் இறங்கலாம். இந்த இடத்தில் குனிய வேண்டும். இங்கே திரும்பினால் முழங்கை குழாயில் இடிக்கும். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அண்ணாச்சிக்குக் கொஞ்சம் சதை போட்டிருக்குமே, அதைக் கழிக்க வேண்டாமா என்று எபனேசர் கேட்டான். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இடுப்பை வேணும்னா கழிச்சுக்கிடும் வே. தோள் அதே தோள்தான்."

உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்

வெளியே கப்பல், உள்ளே ஒரு பி.வி.சி. குழாய். இதுதான் என் திட்டம். குழாய்க்குள் பாட்டரி, மோட்டார், பம்பாயிலிருந்து அண்ணாச்சியின் பழைய கூட்டாளி வாங்கி அனுப்பிய ரேடியோ செட். இரண்டு பக்கமும் மூடி போட்டு இறுக்கிவிட்டால் தண்ணீர் நுழையாது. கம்பி வெளியே வரும் துளைகளில் சைக்கிள் வால்ட்யூப் ரப்பரை மாட்டி நூலால் கட்டினோம். பஞ்சர் கடையில் பார்ப்பதைப் போல வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. எனக்கு அன்றைக்கு ரொம்பத் திருப்தி.

அண்ணாச்சிக்குத் திருப்தி இல்லை. குழாயைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். படுக்கை எங்கே என்றார். எந்தப் படுக்கை என்றேன். முன்பக்கம், குண்டு அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு, அதில்தான் தனக்கு இடம் என்றார். அந்த இடத்தில் பாட்டரி இருக்கிறது, மூடி போட்டால் உள்ளே ஈ இருந்தால்கூட ஒருவருக்கும் தெரியாது என்று நான் கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். அவர் மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்:

"தெரியாதுதான் தம்பி. ஆனா நான் அங்கனதான படுத்துக் கெடந்தேன்."

சின்னதாகாத ஒன்று

பாட்டரியை நகர்த்தி ஒரு துண்டு மரச்சீவலைப் படுக்கை என்று ஒட்டிவிட்டு, சீவலப்பேரி ரோட்டில் மாரியப்பனுடைய பம்புசெட் தொட்டிக்கு எங்கள் நீர்மூழ்கிப் படகைக் கொண்டுபோனோம். மாரியப்பன் வாழை போட்டிருந்தவர், எபனேசருக்குத் தெரிந்தவர். படகைத் தண்ணீரில் விட்டதும் அழகாக மிதந்தது. ரிமோட்டை அழுத்தியதும் பின்னால் விசிறி கிர்ரென்று சுற்றியது. படகு இருந்த இடத்திலேயே சிலிர்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், காற்று தள்ளிப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். விசிறி அசலின் அளவுக்குச் சரியாகச் சுருக்கியது, அதனால் தண்ணீரைத் தள்ளப் போதவில்லை. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சிறகுகள்தான் மூக்கைக் கீழே அமுக்க வேண்டும். அவையும் அளவுப்படி இருந்ததால் படகுக்கு அவை இருப்பதே தெரியவில்லை. இரண்டையும் ஒன்றரைப் பங்காக்கலாம் என்றேன். அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. அப்படி ஒரு விசிறியோடு தன்னோடு வேலை பார்த்தவன் எவனாவது பார்த்தால் காறித் துப்புவான் என்றார். அசலில் ஓடிய விசிறி இதில் மட்டும் ஏன் ஓடாது, எங்கேயோ நான்தான் கோட்டை விட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். இப்படியே பல நாள் போனது. கடைசியில் எபனேசர்தான் தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி அவர் முன்னால் நீட்டினான்:

"கப்பலைச் சின்னதாக்கியாச்சு அண்ணாச்சி. இதை எப்பிடிச் சின்னதாக்குவிய?"

கறுப்பு

பெரிய விசிறிக்கும் பெரிய சிறகுக்கும் அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். அதற்கு ஈடாக நிறத்தில் ஒரு அடிகூடப் பின்வாங்க மாட்டேன் என்றார். கறுப்பு என்றால் கறுப்புதான். அந்தத் தொட்டி பாசி பிடித்துக் கிடந்தது. படகு ஒரு சாண் இறங்கியதுமே பாசிக்குள் மாட்டிக்கொண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. முதுகில் ஒரு மஞ்சள் கோடாவது போடலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். கண்ணில் படாமல் இருப்பதற்குத்தானே அதைக் கட்டுகிறார்கள் என்றார்.

எபனேசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, காலால் துழாவினான். படகை மிதித்துவிடக் கூடாது என்று அண்ணாச்சி மேலே நின்று எச்சரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கலங்கக் கூடாது என்பதற்காக பம்புசெட் மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தோம். மாரியப்பன் வரப்பில் உட்கார்ந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுமையான மனிதர். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் எழுந்து வந்தார்:

"கப்பல் இருக்கோ இல்லியோ, வாழை இங்கனதான் நிக்கி. மோட்டாரைப் போடட்டா?"

மாட்டு ஊசி

அசல் கப்பல் முங்குவது எப்படி என்றால், தன் தொட்டிகளில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு கனமாகும். மேலே வர வேண்டும் என்றால் காற்றை அடித்து அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். அண்ணாச்சிக்கு அதுவும் அப்படியே வேண்டும். மாட்டுக்குப் போடும் பெரிய ஊசிக்குழாய் ஒன்றை வாங்கி, அதன் தண்டை மோட்டாரால் இழுக்க வைத்தோம். இழுத்தால் தண்ணீர் ஏறும், தள்ளினால் இறங்கும். தொட்டியில் விட்டோம். ஓடாமலேயே, நின்ற இடத்தில் படகு பைய அமிழ்ந்தது. அப்படி அமிழ்வதைப் பார்த்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. அண்ணாச்சி அட்டென்ஷனில் நின்றார். அதோடு சரி. தண்டு எங்கேயோ சிக்கிக்கொண்டது, படகு வரவில்லை. எபனேசர் மறுபடியும் வேட்டியை மடித்துக் கட்டினான்.

அன்றைக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆற்றில் இப்படி ஆனால் படகு மட்டுமா போகும், பெற்றவள், மதினி கண் முன்னாலேயே மகனுடைய ஆசையும் சேர்ந்து போய்விடுமே என்றேன். ஊசியைத் தூக்கி எறிந்துவிடுவோம். படகை எப்போதும் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசாக வைப்போம். ஓடும்போது சிறகுகள் அதைக் கீழே அமுக்கும். எது நின்று போனாலும் அதுவாக மேலே வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அண்ணாச்சி சரி என்றார். சரி சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை:

"அப்பம் இது முங்குத கப்பல் இல்ல தம்பி. மெதக்குத கட்டையை அமுக்கிப் பிடிக்கோம்."

பயத்தின் அளவு

பொங்கலுக்கு முன்னால் படகைக் கொடுக்க ஆழ்வார்திருநகரிக்குப் போனேன். மதினி சாப்பிடாமல் விடவில்லை. சொதியும் இஞ்சித் துவையலும் போட்டுக்கொண்டே பேசினார். பயந்த சுபாவம் என்று நினைத்துப் போயிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, தெளிவாகப் பேசுகிற மனுஷி. கல்யாணமான புதிதில், உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாராம். பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன் என்றார். அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? படம் போட்டே விளக்கிவிட்டார். எது நின்றால் எவ்வளவு நேரம் காற்று இருக்கும், எந்த ஆழத்துக்குக் கீழே போனால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒன்றுவிடாமல் சொன்னாராம். ஒவ்வொரு லீவிலும் மதினி கேட்பார், அவரும் ஒளிக்காமல் சொல்வார்.

அண்ணாச்சி எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், மறுக்கவில்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வதில் என்ன தப்பு என்பதுதான் அவர் முகத்தில் இருந்தது. மதினி எனக்கு இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார்:

"ஏன் பயப்படுதேன்னு கேக்காவ தம்பி. அதை அளந்து அளந்து குடுத்ததே இவுகதான்."

அணைக்கட்டுக்கு மேலே

பொங்கலை ஒட்டி வரும் கரிநாளுக்கு ஆற்றில் கூடும் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, அதற்கு மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போனோம். அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு இடம் உண்டு, அங்கே இழுப்பு இருக்காது. அண்ணாச்சி, மதினி, மகன், நான், எபனேசர். முதல் தடவை படகு ஒழுங்காக ஓடி, ஒழுங்காக முங்கி, ஒழுங்காக வந்தது. மதினி 'ம்' என்றார், அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு அது போதவில்லை. இரண்டாவது தடவை இன்னும் தூரத்துக்கு விட்டு முங்க வைத்தார். வர வேண்டிய நேரத்துக்கு அது வரவில்லை. ரிமோட்டின் குச்சியை அவர் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தார். எபனேசர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பாட்டரி போய்விட்டது.

எது நின்றாலும் மேலே வரும் என்று செய்தவனே நான்தான், ஆனாலும் ஆற்றுக்கு அடியில் என்னென்ன கொடி கிடக்கிறதோ, யார் கண்டார்கள்? மதினி தண்ணீரைப் பார்க்கவே இல்லை. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ரொம்ப நேரம் ஆகிவிட்டதைப் போல இருந்தது. பிறகு எதிர்க்கரைப் பக்கமாக ஒரு கறுப்பு முதுகு தெரிந்து, ஒருச்சாய்ந்து, நிமிர்ந்து நின்றது.

ஓட்டம் நின்று போனதா என்று மதினி எபனேசரிடம் கேட்டார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அப்படியானால் தானாகத்தான் வந்ததா என்றார். அதற்கும் தலையாட்டினான். அதன் பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "உங்க கப்பலும் இப்பிடித்தானா? எல்லாம் நின்னு போனாலும் தானா மேல வந்திருமா?"

வராது. அது எனக்குத் தெரியும், எபனேசருக்குத் தெரியும், அண்ணாச்சிக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஒரு நூல் அளவுக்காக என்னோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்ற மனிதர் அவர். ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். படகைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "வந்திரும்" என்றார்.

மதினி அவர் முகத்தையே பார்த்தார். அண்ணாச்சியால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை, ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகனுடைய தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"கல்யாணமாயி இத்தனை வருசத்துல எனக்காவ ஒரு பொய் சொல்லியிருக்காவ. சரி, பிள்ளை போயிட்டு வரட்டும்."

உங்கள் தொழிலில் எப்படியோ தெரியாது, எங்கள் தொழிலில் கொஞ்சம் பொய் சேர்க்காமல் எதுவும் மிதப்பதில்லை, அதை எங்கே சேர்ப்பது என்பதை மட்டும் வாடிக்கையாளரிடமே விட்டுவிடுவது நல்லது.