எங்கள் வீட்டுத் தரைக்கு இழைத்த மேசை

நூல் மில்லிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே என் வீட்டுக்காரர் தச்சராகிவிட்டார். யாரோ மரம் இழைப்பதைச் செல்போனில் பார்த்துவிட்டு, மகளுக்குக் கல்யாணச் சீராகச் சாப்பாட்டு மேசையைத் தானே செய்யப் போவதாகச் சொன்னார். வேப்பம்பலகை, கைரம்பம், இழைப்புளி, உளி. மின்சாரம் கூடாது, ஆணி கூடாது. ஆணியைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் அது ஏதோ கொலைக்குற்றம் என்று தோன்றும். கோவில்பட்டியில் இத்தனை கடை இருக்க ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். கடை மேசையில் உயிர் இல்லையாம். சோறு வைக்க உயிர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

மேசை நின்றது, ஆடியது. ஒரு காலை இழைத்தார், மறுபக்கம் ஆடியது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள் என்றேன். தன் கண்ணுக்கு மேல் மட்டம் கிடையாது என்றார். கடைசியில் அது அசையாமல் நின்றபோது, தெருவையே கூப்பிட்டு அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்துக் காட்டினார். எங்கள் வீடு கரிசல் மண்மேல் கட்டியது. மழைக்கு ஒரு மூலை ஏறும், கோடைக்கு இன்னொரு மூலை இறங்கும். அந்தக் கோணல் தரைக்குக் கச்சிதமாகத்தான் காலை இழைத்திருக்கிறார் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஓட்டப்பிடாரம் பக்கம் சம்பந்தி வீட்டுக்கு முதல் விருந்துக்குப் போனபோதுதான் உறைத்தது. அவர்களுடையது புது வீடு, தரை மட்டமாக இருந்தது. சீர் மேசையில்தான் சாப்பாடு. சம்பந்தியம்மா முழங்கையை ஊன்றியதும் மேசை சாய்ந்து, ரசம் அவர் பட்டுச்சேலையில் கொட்டியது. பரிமாறிக்கொண்டிருந்த என் மகள் கரண்டியோடு அப்படியே நின்றாள். இந்தச் சீரைப் பற்றி ஒரு சொல் விழுந்தால், அதைக் காலமெல்லாம் கேட்கப் போகிறவள் அவள்தான். இந்த மனிதரோ மேசைக்கடியில் குனிந்து, ஒரு காலில் துளி அறுத்தால் போதும், வீட்டில் ரம்பம் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்.

சம்பந்தியம்மா சேலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காலை அறுத்துராதீங்க அண்ணாச்சி. பொண்ணு பாக்க வந்தப்பவே உங்க வீட்டுத் தரையைப் பாத்தேன். இதுவும் கரிசல்தான். ரெண்டு ஐப்பசி போகட்டும், எங்க தரையும் அப்படி ஆயிரும்."

என் வீட்டுக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு எழுந்தார். சம்பந்தியம்மா ஓர் அட்டையை மடித்து மேசைக்காலுக்கு அடியில் செருகினார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு என் மகளைப் பார்த்தார்.

"நீயும் உக்காந்து சாப்பிடு தாயி."

மகள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அப்போதுதான் சோறு இறங்கியது.